முதுமையிலும் கற்கும் உடல்

தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே எழுந்து நிற்கும் தொடர்மாடிகளில் வயதான தமிழர்கள் ஏராளமாக வாழ்கிறார்கள். வடக்கு, கிழக்கு, மலையகம் என்று வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து இங்கே வேரூன்றியவர்கள். பலருடைய பிள்ளைகள் ரொறன்ரோவிலோ லண்டனிலோ சிட்னியிலோ இருக்கிறார்கள். கிழமைக்கொருமுறை வரும் தொலைபேசி அழைப்பில் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அம்மா, எதிர்ப்புச் சக்தி கூட என்ன எடுக்கிறீங்கள்?" அதற்கான பதிலாக வீட்டு அலுமாரியில் சத்துமா டின்களும் விற்றமின் குளிசைப் போத்தல்களும் லேகியங்களும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

அந்த அக்கறை முழுக்க நியாயமானது. 2012 குடிசன மதிப்பீட்டின்போது இலங்கை மக்களில் 65 வயதும் அதற்கு மேலுமானவர்கள் 7.9 சதவீதம். 2024 மதிப்பீட்டில் அது 12.6 சதவீதமாகியிருக்கிறது. தென்னாசியாவில் மிக வேகமாக முதுமையடையும் நாடுகளில் நம்முடையது முன்னணியில் நிற்கிறது. முதியவர்களைத் தொற்றுகளிலிருந்து காப்பது இனி ஒவ்வொரு குடும்பத்தினதும் வேலை. அதைச் சரியாகச் செய்ய வேண்டுமானால், வயதாகும்போது எதிர்ப்பாற்றலுக்கு என்ன நேர்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டு கொள்ளை நோய்கள் சொன்ன பாடம்

வயது போனால் எதிர்ப்பாற்றல் குறைந்துவிடும் என்கிறோம். அது பாதி உண்மை. மறுபாதியை 2009ஆம் ஆண்டு காட்டியது.

அந்த ஆண்டு எச்1என்1 என்ற புதிய இன்புளுவென்சா வைரஸ் உலகெங்கும் பரவியது. பன்றிக்காய்ச்சல் என்று அதைச் சொன்னோம். வழமையான இன்புளுவென்சா முதியவர்களைத்தான் அதிகம் வாட்டும். இதுவோ பள்ளிப் பிள்ளைகளையும் இளைஞர்களையும் தேடிப் பிடித்தது. 60 வயதைத் தாண்டியவர்களிடையே தொற்று எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. காரணம் அவர்களுடைய இரத்தத்திலேயே இருந்தது. 1918ஆம் ஆண்டின் பெருங்கொள்ளை நோயை உண்டாக்கிய வைரஸின் வழித்தோன்றல்கள் 1957 வரை மனிதரிடையே உலவின. அந்தக் காலத்தில் சிறுவர்களாக இருந்தவர்கள் அவற்றுக்கு முகம் கொடுத்திருந்தார்கள். 2009இல் வந்தது அவற்றின் உறவுக்கார வைரஸ். அரை நூற்றாண்டு கழிந்த பிறகும் உடல் அதை அடையாளம் கண்டுகொண்டது.

இந்த நினைவு எவ்வளவு நீடிக்கும்? 1918இல் குழந்தைகளாக இருந்து, 91 முதல் 101 வயதுவரை வாழ்ந்துகொண்டிருந்த 32 பேரின் இரத்தத்தை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து, 2008இல் நேச்சர் இதழில் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வைரஸை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் அவர்களிடம் இருந்தன.

பின்னர் 2020 வந்தது. கொவிட்-19 வைரஸை எந்த வயதினருடைய உடலும் அதற்குமுன் சந்தித்ததில்லை. நினைவில் வைத்திருக்க எதுவும் இல்லாத இடத்தில், புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. முதியவர்கள் தோற்றது அங்கேதான். 2020 மார்ச் 28ஆம் திகதி இலங்கையில் முதல் கொவிட் மரணம் பதிவானது. 2021 ஓகஸ்ட் இறுதியில், டெல்டா வகை உச்சத்தில் இருந்தபோது, நாளொன்றுக்கு 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலானோர் 60 வயதைத் தாண்டியவர்கள்.

காலி வீதியில் நாற்பது வருடமாகக் கடை நடத்தும் முதலாளி, பழைய வாடிக்கையாளர் படியேறும் முன்பே அவரை அடையாளம் கண்டுவிடுவார். புதிதாகக் குடிவந்தவரின் முகம் மனதில் பதியத்தான் நாளெடுக்கும். முதிய உடலின் எதிர்ப்பாற்றலும் இப்படித்தான். பழைய பகைவரை மறப்பதில்லை. புதியவரைக் கற்பதில் தாமதமாகிறது. முதியவர்களின் எதிர்ப்பாற்றலைக் காக்க நாம் செய்யும் எல்லாமே இந்தக் கற்றலுக்குத் துணை நிற்பதாக இருக்க வேண்டும்.

நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு சுரப்பி

நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, தைமஸ் என்ற சிறு சுரப்பி இருக்கிறது. நெடுங்காலமாக அதைப் பயனற்ற உறுப்பாகவே கருதினார்கள். 1961இல் லண்டனில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஜாக் மில்லர், பிறந்தவுடனேயே தைமஸ் அகற்றப்பட்ட எலிகள் தொற்றுகளைத் தாங்க முடியாமல் இறப்பதைக் கண்டறிந்தார். என்பு மச்சையில் பிறக்கும் இளங்கலங்கள் தைமஸுக்குள் வந்து முதிர்ச்சியடைந்தே ரீ கலங்களாக வெளியேறுகின்றன என்பது பின்னர் தெளிவானது. ஒவ்வொரு ரீ கலமும் குறிப்பிட்ட சில அந்நியப் பொருள்களை மட்டுமே அடையாளம் காணும். ஆகவே, இதுவரை எந்தக் கிருமியையும் சந்திக்காத புதிய ரீ கலங்கள் எண்ணற்ற வகைகளில் கையிருப்பில் இருந்தால்தான், நாளை வரும் புதுக் கிருமிக்கு ஏற்ற ஒன்று அவற்றுள் அகப்படும்.

தைமஸின் பொற்காலம் குழந்தைப் பருவம். பருவமடைந்த பின் அது மெல்லச் சுருங்கத் தொடங்குகிறது. சுரப்பி இருந்த இடத்தைக் கொழுப்பு நிரப்புகிறது. அறுபது, எழுபது வயதில் வெளிவரும் புதிய ரீ கலங்கள் மிகச் சொற்பம். அதற்காக அந்தச் சொற்பமும் வீண் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பொது வைத்தியசாலையில், நெஞ்சறுவைச் சிகிச்சையின்போது தைமஸ் அகற்றப்பட்ட பெரியவர்களையும், அதே போன்ற அறுவைச் சிகிச்சை செய்தும் தைமஸை இழக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து ஆண்டுகளுக்குள் முதல் தரப்பில் 8.1 சதவீதத்தினரும் இரண்டாம் தரப்பில் 2.8 சதவீதத்தினரும் இறந்திருந்தார்கள். தைமஸ் அகற்றப்பட்டோரிடையே புற்றுநோயும் இரு மடங்காக இருந்தது. 2023இல் வெளியான இந்த முடிவு, பெரியவர்களிடமும் அந்தச் சுரப்பி வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதை உறுதிப்படுத்தியது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சைற்றோமெகலோ வைரஸ் என்றொரு கிருமி இருக்கிறது. நம் பிராந்தியத்தில் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறுவயதிலேயே அதை வாங்கியிருப்பார்கள். நோய்க்குறி எதுவும் காட்டாமல் வாழ்நாள் முழுவதும் உடலுக்குள் தங்கிவிடும். அதைக் கட்டுக்குள் வைப்பதற்கென்றே ரீ கலங்களின் ஒரு பெரும் பகுதி ஒதுக்கப்பட்டுவிடுகிறது. ஆண்டுகள் போகப் போக அந்தப் பகுதி பெருகுகிறது. புதியவற்றுக்கான இடம் ஒடுங்குகிறது.

காயத்துக்கும் தொற்றுக்கும் முதலில் ஓடிவரும் நியூத்திரோபில் என்ற வெண்கலங்களும் மாறுகின்றன. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டது இது: முதியவர்களின் நியூத்திரோபில்கள் வேகத்தில் இளையோருடையவற்றுக்குக் குறைந்தவை அல்ல, ஆனால் திசை தவறி அலைகின்றன. கிருமி இருக்கும் இடத்துக்கு நேராகப் போகாமல், போகும் வழியிலுள்ள நல்ல இழையங்களையும் சிதைத்துவிடுகின்றன.

'கூட்ட' வேண்டியது எது?

வயதான உடலில் பொதுவாகக் காணப்படும் இன்னொரு மாற்றம், எந்தத் தொற்றும் இல்லாதபோதும் மங்கலாகத் தொடரும் அழற்சி. இத்தாலிய அறிஞர் குளோடியோ பிரான்செஸ்கி 2000ஆம் ஆண்டில் இதை முதுமையின் ஓர் அடிப்படை இயல்பாக எடுத்துக்காட்டினார். வயிற்றைச் சுற்றிய கொழுப்பு, பல்லீறில் நாள்பட்ட புண், கட்டுப்படாத சலரோகம், புகை, நித்திரைக் குறைவு எல்லாம் அதை வளர்க்கின்றன. இதயநோய், மூட்டுத் தேய்வு, மறதி நோய் ஆகியவற்றோடும் அதற்குத் தொடர்பு உண்டு. கொவிட் கடுமையானபோது பலருடைய நுரையீரலைச் சிதைத்ததில் வைரஸுக்கு இருந்த பங்கைப் போலவே, கட்டுமீறிய அழற்சிக்கும் பெரும் பங்கு இருந்தது.

இதை மனதில் கொண்டு பார்த்தால், 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்ற விளம்பர வாக்கு எவ்வளவு பிழையானது என்பது விளங்கும். முதியவர்களின் எதிர்ப்பாற்றலில் ஒரு பகுதி மந்தமாக இருக்கிறது. இன்னொரு பகுதி தேவைக்கு மேல் கொதிக்கிறது. ஒட்டுமொத்தமாகக் கூட்டக்கூடிய பொருள் ஒன்று இருந்தால்கூட அது நன்மை செய்யாது. வேண்டியது சமநிலை.

இந்த விளக்கம் மக்களிடம் போய்ச் சேராததன் விலையை நம் நாடு 2020 டிசெம்பரில் கண்டது. கேகாலைக்கு அருகே ஹெட்டிமுல்லவில் தேனும் சாதிக்காயும் கலந்து தயாரித்த ஒரு பாணி கொவிட்டிலிருந்து வாழ்நாள் முழுவதும் காக்கும் என்று சொல்லப்பட்டது. ஒன்றுகூடுவது ஆபத்தாக இருந்த அந்த நாள்களில் ஆயிரக்கணக்கானோர் அங்கே திரண்டு வரிசையில் நின்றார்கள். அப்போதைய சுகாதார அமைச்சரே பகிரங்கமாக அதை அருந்தினார். 2021 ஜனவரியில் அவருக்கும் தொற்று உறுதியாகி வைத்தியசாலையில் சிகிச்சை பெற நேர்ந்தது. அச்சத்தில் தவித்த மக்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுக்குத் தெளிவாக எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை என்பதே என் வருத்தம்.

முதிய உடலுக்குக் கற்பிக்கும் வழி

புதிய கிருமியைக் கற்க முதிய உடலுக்கு நாள் தேவை. கிருமி வந்த பிறகு அந்த நாள் கிடைக்காது. முன்கூட்டியே, ஆபத்தில்லாத முறையில் பாடம் நடத்தும் ஒரே வழி தடுப்பூசி.

இன்புளுவென்சா ஊசி இளையோரிடம் வேலை செய்யும் அளவுக்கு முதியவர்களிடம் வேலை செய்வதில்லை என்பது உண்மை. அதற்காக அறிவியல் கைவிட்டுவிடவில்லை. பாடத்தை உரக்கச் சொல்ல வழி தேடியது. நான்கு மடங்கு மருந்து கொண்ட ஊசியை 65 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 32,000 பேரிடம் சோதித்த ஆய்வு 2014இல் வெளியானது. வழமையான ஊசியைவிட அது 24 சதவீதம் கூடுதலான பாதுகாப்புத் தந்தது.

அதைவிட நம்பிக்கை தரும் செய்தி அக்கித் தடுப்பூசியுடையது. சிறுவயதில் கொப்புளிப்பான் போட்டவர்களின் நரம்பு முடிச்சுகளில் அந்த வைரஸ் உறங்கிக்கொண்டிருக்கும். முதுமையில் ரீ கலங்களின் காவல் தளரும்போது விழித்தெழுந்து, உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளங்களை எழுப்பும். புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், நரம்பு எரிவு தொடரும். 'சிங்றிக்ஸ்' என்ற ஊசியில் வைரஸின் ஒரு புரதத்தோடு எதிர்ப்பாற்றலைத் தட்டியெழுப்பும் துணைப்பொருள் ஒன்றைச் சேர்த்தார்கள். சிலி நாட்டுக் குவில்லாயா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் கூறும் அதில் உண்டு. 2016இல் வெளியான ஆய்வின்படி, 70 வயதுக்கு மேற்பட்டோரிடம் அந்த ஊசி அக்கியை ஏறத்தாழ 90 சதவீதம் தடுத்தது. எழுபது வயது உடலுக்கும் கற்கும் ஆற்றல் இருக்கிறது, கற்பிக்கும் முறை சரியாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது, நியூமோகொக்கஸ் ஊசி. முதியவர்களுக்கு வரும் நியூமோனியாவுக்கு முக்கிய காரணமான பக்றீரியா நியூமோகொக்கஸ். நெதர்லாந்தில் 65 வயதுக்கு மேற்பட்ட 84,000க்கும் அதிகமானோரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், ஊசி குறிவைத்த பக்றீரியா வகைகளால் வரும் நியூமோனியா ஏறத்தாழ 46 சதவீதம் குறைந்தது.

இலங்கையின் தடுப்பூசித் திட்டம் உலகம் மெச்சுவது. 1978இல் தொடங்கிய விரிவாக்கப்பட்ட திட்டத்தால், 1993க்குப் பிறகு இங்கே ஒரு பிள்ளைக்கும் போலியோ வரவில்லை. 2019இல் சின்னமுத்து ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. ஆனால் இந்தச் சாதனை பிள்ளைகளோடு நின்றுவிடுகிறது. முதியவர்களுக்கென வழமையான இலவசத் தடுப்பூசித் திட்டம் நம்மிடம் இல்லை. இன்புளுவென்சா ஊசியைத் தனியார் வைத்தியசாலைகளில் பணம் கொடுத்தே பெறவேண்டியிருக்கிறது. இங்கே இன்புளுவென்சா ஆண்டின் நடுப்பகுதியிலும் ஆண்டிறுதியிலுமாக இரு தடவை தலைதூக்கும். எந்த ஊசி, எந்த மாதம், வேறு வருத்தங்களுக்கு எடுக்கும் மருந்துகளோடு பொருந்துமா என்பதை உங்கள் வைத்தியரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். செலவில்லாத ஒரு குறிப்பும் உண்டு: பர்மிங்ஹாமில் 65 வயதைத் தாண்டிய 276 பேரிடம் செய்த சோதனையில், காலை 9 முதல் 11 மணிக்குள் ஊசி போட்டவர்களிடம் மூன்று வைரஸ் வகைகளில் இரண்டுக்கு எதிராகப் பிற்பகலில் போட்டவர்களைவிட அதிக பிறபொருளெதிரிகள் உருவாகின.

வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் ஊசி போடுவது முதியவர்களுக்கு அரண். யப்பானில் 1960களிலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்புளுவென்சா ஊசி போட்டுவந்தார்கள். 1994இல் அதை நிறுத்தினார்கள். அந்தக் காலத்து மரணங்களை ஆராய்ந்து 2001இல் வெளியான கட்டுரை, பிள்ளைகளுக்குப் போட்ட ஊசியால் ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 வரையான மரணங்கள் தடுக்கப்பட்டன என்று மதிப்பிட்டது. காப்பாற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள்.

தட்டில் என்ன இருக்கிறது?

பிறபொருளெதிரிகள் புரதத்தால் ஆனவை. எதிர்ப்புக் கலங்கள் பெருகவும் புரதம் வேண்டும். தொற்று வரும்போது உடல் தசையைக் கரைத்து அந்தப் புரதத்தை எடுத்துக்கொள்கிறது. ஆகவே தசை குறைந்த முதியவர் ஒரு நியூமோனியாவைக் கடந்து எழுவது கடினம்.

முதியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை என்று உணவியலாளர்கள் சொல்கிறார்கள். 55 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு 55 முதல் 66 கிராம். தனித்து வாழும் முதியவர்கள் பலருடைய இரவுச் சாப்பாடு இரண்டு துண்டு பாணும் ஒரு பிளேன்ரீயும்தான். அதில் உள்ள புரதம் ஐந்து கிராம் அளவே. காலையில் இடியப்பமும் சொதியும், மதியம் சோறும் ஒரு மரக்கறியும் என்றால் நாள் முடிவில் தேவையில் பாதிகூட எட்டாது.

விலைவாசி இதைக் கடினமாக்கியிருக்கிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. ஓய்வூதியத்தையும் வைப்புப் பணத்தின் வட்டியையும் நம்பி வாழ்ந்தவர்கள் மீனையும் முட்டையையும் பாலையும்தான் முதலில் குறைத்தார்கள். ஆனாலும் விலை உயர்ந்தவைதான் நல்ல புரதம் என்பதில்லை. ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம். சூடையும் சாளையும் நெத்தலியும் பெரிய மீன்களுக்கு எந்த வகையிலும் குறைந்தவை அல்ல. மரக்கறி உண்பவர்களும் விரத நாள் பிடிப்பவர்களும் பருப்பு, பயறு, கடலை, உளுந்து, தயிர், சோயாமீற் ஆகியவற்றில் இரண்டையாவது ஒவ்வொரு நாளும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாளின் புரதத்தை ஒரே வேளையில் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பகிர்ந்து உண்பது தசைக்கு நல்லது. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் வைத்தியரின் சொற்படி அளவை வைத்துக்கொள்ளட்டும்.

துத்தநாகக் குறைபாடு ரீ கலங்களை நேரடியாகப் பாதிக்கும். மீனும் இறைச்சியும் பயறு வகைகளும் உண்பவருக்கு அது பெரும்பாலும் கிடைத்துவிடும். விற்றமின் டி கதை சற்றுச் சிக்கலானது. வெயில் நாட்டில் வாழ்ந்தும், தொடர்மாடிக்குள்ளேயே நாளைக் கழிக்கும் முதியவருக்கு அது குறையலாம்; வயதான தோல் வெயிலிலிருந்து அதைத் தயாரிக்கும் அளவும் குறைவு. குறைபாடு இருந்தால் நிவர்த்தி செய்ய வேண்டும், எலும்புக்காகவாவது. ஆனால் தடிமனையும் நெஞ்சுச் சளியையும் அது தடுக்குமா? 25 சோதனைகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டு ஆய்வு சிறு பயன் இருப்பதாகச் சொன்னது, முக்கியமாகக் குறைபாடு மிகுந்தவர்களிடம். பிற்காலச் சோதனைகளையும் சேர்த்தபோது அந்தப் பயன் மேலும் சுருங்கியது. குறைபாடு இல்லாதவருக்கு மேலதிகக் குளிசைகளால் நன்மை இல்லை.

நம் வீடுகளின் கொத்தமல்லித் தண்ணியும் இலைக்கஞ்சியும் அப்படியே தொடரட்டும். தொண்டைக்கு இதம், உடலுக்கு நீர், மனதுக்கு ஆறுதல் எல்லாம் அவற்றில் உண்டு. தடுப்பூசியின் இடத்தையும் வைத்தியரின் இடத்தையும் மட்டும் அவற்றுக்குக் கொடுக்க வேண்டாம்.

சலரோகம் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2018/2019இல் நாடு தழுவி நடந்த இலங்கை சுகாதார, முதுமை ஆய்வு, நம் பெரியவர்களில் 23 சதவீதத்தினருக்குச் சலரோகம் இருப்பதாகக் கண்டது. இரத்தத்தில் சீனி உயர்ந்திருக்கும்போது நியூத்திரோபில்கள் கிருமிகளை விழுங்கிக் கொல்லும் திறன் குறைகிறது. காலில் சிறு கீறல் பெரும் புண்ணாவதற்கும், சாதாரணத் தொற்று இரத்தத்தில் கலப்பதற்கும் இதுவும் ஒரு காரணம். எந்தச் சத்துமாவைவிடவும் சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதே சலரோகம் உள்ள முதியவரின் எதிர்ப்பாற்றலுக்குப் பெரிய உதவி. சத்துமா டின்கள் பலவற்றில் சீனி சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதையும் வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

நடக்கும் கால்கள்

2018இல் பர்மிங்ஹாம் ஆய்வாளர் ஜனெற் லோர்ட்டும் குழுவினரும் ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டார்கள். பல ஆண்டுகளாகச் சைக்கிள் ஓடிவந்த 55 முதல் 79 வயதுக்கு உட்பட்ட 125 பேரை, அதே வயதில் உடற்பயிற்சி இல்லாதவர்களோடும் இளையோரோடும் ஒப்பிட்டார்கள். சைக்கிள் ஓடியவர்களின் இரத்தத்தில், தைமஸிலிருந்து அண்மையில் வெளிவந்த புதிய ரீ கலங்கள் ஏறத்தாழ இளையோரின் அளவுக்கு இருந்தன. தைமஸைக் காக்கும் இன்ரலூக்கின்-7 என்ற பொருளும் அவர்களிடம் அதிகமாக இருந்தது. அதைத் தசையும் சுரக்கிறது. எல்லா மாற்றங்களையும் பயிற்சி தடுத்துவிடவில்லை. ஆனால் முதுமை என்று நாம் பெயரிட்டதில் ஒரு பகுதி உண்மையில் அசையாமல் இருந்ததன் விளைவு என்பதை அந்த முடிவு காட்டியது.

எழுபது வயதில் சைக்கிள் வாங்கச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் கிழமைக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பையும், இரண்டு நாள் தசையை வலுவாக்கும் பயிற்சியையும், மூன்று நாள் சமநிலைப் பயிற்சியையும் முதியவர்களுக்குப் பரிந்துரைக்கிறது. தெஹிவளைவாசிகளுக்குக் கடற்கரையும், மரைன் டிரைவும், பெல்லன்வில வெரஸ் கங்கைக் கரையின் நடைபாதையும் கிட்ட இருக்கின்றன. வெயில் ஏறுமுன் நடக்கலாம். வெளியே போக முடியாதவர்கள் கதிரையில் இருந்து கைப்பிடிக்காமல் எழுந்து இருக்கும் பயிற்சியைக் காலை மாலை பத்துத் தடவை செய்யலாம். விழும் பயம் இருந்தால் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். லிஃப்ட் பழுதானால் நாள்கணக்கில் வீட்டுக்குள் அடைபடும் முதியவர்கள் இந்தத் தொடர்மாடிகளில் இருக்கிறார்கள். அதை உடனே திருத்துவதும் அவர்களுடைய சுகாதாரத்தைக் காப்பதுதான் என்று முகாமைத்துவக் குழுக்கள் உணர வேண்டும்.

வாய், நித்திரை

முதியவர்களின் நியூமோனியா பலவேளை வாயிலிருந்தே தொடங்குகிறது. பல்லிடுக்கிலும் கட்டுப் பல்லிலும் வளரும் பக்றீரியா, நித்திரையில் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கிவிடும். யப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வு 1999இல் வெளியானது. ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் வாய் சுத்தம் செய்யப்பட்டவர்களில் 11 சதவீதத்தினருக்கும், அந்தப் பராமரிப்புக் கிடைக்காதவர்களில் 19 சதவீதத்தினருக்கும் நியூமோனியா வந்தது. கட்டுப் பல்லை இரவில் கழற்றிக் கழுவி வைப்பதும், படுக்கையில் இருப்பவரின் வாயைத் துடைத்துவிடுவதும் உயிர்காக்கும் வேலைகள்.

நித்திரையின்போது தடுப்பூசியின் பாடம் நினைவில் பதிகிறது. நித்திரை கெட்டால் அழற்சி கூடுகிறது. பின்னேரத்துக்குப் பின் கோப்பியும் தேநீரும் குறைத்து, ஒரே நேரத்தில் படுக்கப் போவது நல்ல தொடக்கம்.

தனிமையும் ஒரு தொற்றுக் காரணி

மறதி நோய் கண்ட வாழ்க்கைத் துணையைப் பராமரிக்கும் முதியவர்களை அமெரிக்க உளவியலாளர் ஜனிஸ் கீகோல்ட்-கிளேசர் 1990களில் ஆராய்ந்தார். இன்புளுவென்சா ஊசிக்கு அவர்களுடைய உடல் காட்டிய எதிர்வினை, அந்தச் சுமை இல்லாத சமவயதினரைவிடக் குறைவாக இருந்தது. உறவினரைப் பராமரிக்கும் பெண்களிடம் அவர் செய்த வேறோர் ஆய்வில், தோலில் இட்ட சிறு காயம் ஆற சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாக எடுத்தது. நீடித்த மனச்சுமையில் சுரக்கும் ஹோர்மோன்கள் எதிர்ப்புக் கலங்களைத் தளர்த்துகின்றன. நெடுநாள் தனிமையும் அழற்சியை வளர்க்கும் திசையிலேயே உடலைத் தள்ளுகிறது என்று பின்வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

பிள்ளைகள் கடல் கடந்து போன நம் வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான அறிவியல் இல்லை. வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அதன் நூலகமும் கூட்டங்களும் உண்டு. இராமகிருஷ்ண மிஷன் இருக்கிறது. கோயில்கள், தேவாலயங்கள், பள்ளிவாசல்கள் இருக்கின்றன. ஒரு முதியவரை அங்கே அழைத்துப் போய்த் திரும்பக் கூட்டிவர ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். மேல்மாடியில் தனியே இருக்கும் பெரியம்மாவின் கதவை மாலையில் ஒருமுறை தட்டி, சாப்பிட்டாரா என்று கேட்கும் அயலவர், தெரிந்தோ தெரியாமலோ ஒரு மருத்துவ உதவியைச் செய்கிறார்.

காய்ச்சல் இல்லாமலும் தொற்று வரும்

எவ்வளவு காத்தாலும் தொற்று வரலாம். அப்போது நேரம்தான் உயிர். முதியவர்களின் உடல் காய்ச்சலை எழுப்பத் தவறலாம். நியூமோனியாவோ சிறுநீர்த் தொற்றோ வந்த பிறகும் வெப்பமானி சாதாரணமாகக் காட்டக்கூடும். திடீரென வரும் குழப்பம், ஆள் தெரியாமல் தடுமாறிப் பேசுவது, வழமைக்கு மாறான தூக்கம், சாப்பாட்டை மறுப்பது, காரணமின்றி விழுவது, மூச்சு வேகமாக வாங்குவது — இவற்றை 'வயசுதானே' என்று விட்டுவிடக் கூடாது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும். தெஹிவளைக்காரருக்குக் களுபோவிலயில் கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை அருகிலேயே இருக்கிறது.

கொழும்பில் டெங்கு ஓயாத அச்சுறுத்தல். காய்ச்சல் கண்டால் பரசிற்றமோலைத் தவிர வேறு வலிக் குளிசைகளைத் தாமாக எடுக்கக் கூடாது. இதயத்துக்காக அஸ்பிரின் எடுப்பவர்கள் அதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மூட்டு வலிக்கென்று பெயர் தெரியாத தூள்களையும், வைத்தியர் எழுதாத ஸ்ரீரொயிட் குளிசைகளையும் தொடர்ந்து உட்கொள்வது எதிர்ப்பாற்றலை நேரடியாக அடக்கிவிடும். ஆனால் வைத்தியர் எழுதிய ஸ்ரீரொயிட்டைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. அதையும் அவரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஊசி போட வீடுவீடாகத் தேடிச் சென்ற நாடு இது. அந்தப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்களுக்கும் இன்புளுவென்சா, நியூமோகொக்கஸ் ஊசிகளை அரசு இலவசமாகத் தரத் தொடங்க வேண்டும். ஏழை முதியவர்களிடமிருந்தாவது அது தொடங்கட்டும். நியூமோனியாவோடு வைத்தியசாலையில் கிடப்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஊசியின் விலை சிறியது.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் பிள்ளைகளிடம் கேட்பது இதுதான். அடுத்த தடவை அழைக்கும்போது என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். இந்த வருட இன்புளுவென்சா ஊசி போட்டாயிற்றா, இன்றைக்கு முட்டையோ மீனோ பருப்போ சாப்பிட்டீர்களா, சீனி கடைசியாக எவ்வளவு, நடந்தீர்களா, யாரோடு கதைத்தீர்கள் என்று கேளுங்கள். அடுத்த சத்துமா டின்னுக்கு வைத்திருக்கும் பணத்தை ஊசிக்கும், மீனுக்கும், அம்மாவை வெளியே அழைத்துப் போகும் ஒரு துணைக்கும் செலவிடுங்கள்.